கையைக் காட்டச் சொன்னவள்

எதிரே நிற்பவர் இருமினால் நாம் எல்லோரும் நம்மை அறியாமல் அரை அடி பின்னால் நகர்வோம். அவள் அரை அடி முன்னால் நகர்வாள். எனக்கு அவளைத் தெரிந்திருந்த அத்தனை வருஷத்தில் இது ஒருமுறைகூட மாறியதில்லை. இருமுகிறவன் வெட்கப்பட்டு வாயில் துணியை அடைத்துக்கொண்டு குனிந்தால் அவன் முதுகில் கையை வைத்துக்கொள்வாள். "இருமு. நல்லா இருமு. உள்ள வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்பாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஊசி போடுகிற வேலையில் இருந்தேன். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிறவரின் மகன் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் சில வாரப் பயிற்சி கொடுத்து, ஒரு சைக்கிளையும் காக்கிப் பையையும் கொடுத்து, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். நாலு பேர் கொண்ட குழு. ஒவ்வொருவர் கையிலும் தோலுக்கு அடியில் ஒரு சொட்டு மருந்தை ஏற்றுவோம். மூன்றாம் நாள் திரும்ப வந்து பார்ப்போம். அந்த இடம் வீங்கியிருந்தால் சயரோகக் கிருமியை அந்த உடம்பு ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று அர்த்தம். வீங்காதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவோம். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையை நீட்ட வைப்பதற்குள் உயிர் போய்விடும்.

ஏரிக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் பெஞ்சைப் போட்டுக்கொண்டு பத்து மணிவரை உட்கார்ந்திருந்தோம். ஊர் முழுக்க எதிரே நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவரும் வரவில்லை. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அப்போதுதான் சேரிப் பாதையிலிருந்து அவள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, சேற்றுக்காக முழங்காலுக்கு ஏற்றிச் செருகிய புடவை. நேராக பெஞ்சுக்கு வந்து நின்றாள்.

"இன்னா ஊசி தம்பி இது?"

"சயரோகம் உள்ள போயிருக்குதான்னு பாக்கற ஊசிம்மா."

"எனுக்கு போடு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "சயக்காரிக்கே போட்டுப் பாக்கறாங்கடா" என்று ஒருவன் கத்தினான். அப்படித்தான் அவளுக்கு அந்த ஊரில் பெயர் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும், "இவ்ளோதானா?" என்றாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"நான் செத்தா மூணாம் நாளு தெரிஞ்சிடும். எனுக்கு இருக்கற தெகிரியம் உங்க யாருக்குமே இல்லியா?"

மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேர் கையை நீட்டிவிட்டார்கள். எங்கள் மேல் நம்பிக்கை வந்து அல்ல. அவளைவிடக் கோழை என்று பெயர் வாங்க யாருக்கும் மனசில்லை.

மூன்றாம் நாள் அவள் கைதான் முதலில் வந்தது. முன்கையில் பெரிதாக, சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் சின்னக் கொப்புளம்கூட இருந்தது. அப்படி ஒரு வீக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடி ஸ்கேலை வைத்து அளந்து அளவை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

பெரிய வீட்டுக்காரர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டவர்தான். ஏரிப் பாசனத்தில் முக்கால் பங்கு நிலம் அவருடையது. "பாத்தீங்களா? நான் அப்பவே சொல்லல?" என்றார். "இவ உடம்பு பூராவும் சயம். இவதான் வூடு வூடா கொண்டாந்து குடுத்துக்கினு கீறா. இவள மொதல்ல ஊர வுட்டு அனுப்பணும்."

கூட்டம் முணுமுணுத்தது. யாரோ ஒரு பெண் குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து, வீக்கம் என்றால் நோய் என்று அர்த்தமில்லை, கிருமி உள்ளே வந்ததை உடம்பு தெரிந்து வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று சொல்ல ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, "இந்த வீக்கம் எனுக்கு மட்டுமா கீது தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பெரியவங்கள்ல நெறைய பேருக்கு இருக்கும்."

"அப்ப எல்லாரும் கைய காட்டுங்க."

சொல்லிவிட்டு நேராகப் பெரிய வீட்டுக்காரரிடம் போனாள். அவள் தெருக்காரர்கள் யாரும் அவரிடம் அவ்வளவு கிட்டத்தில் போய் நின்றதில்லை. மற்றவர்கள் அவரை எஜமானே என்கிற அர்த்தத்தில் 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அந்தச் சொல்லை எப்போது விட்டாளோ தெரியாது. அவர் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி 'நைனா' என்றாள்.

"மொதல்ல நீ காட்டு நைனா."

"ஏய், தள்ளி நின்னு பேசு."

"தள்ளி நின்னா கை தெரியாது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். எழுந்து போனால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவர் தோளிலிருந்து முன்கைமேல் தொங்கிய துண்டை எடுத்தார். வெளுத்த கையில் சிவப்பாக வீங்கியிருந்தது.

"அளந்து சொல்லு தம்பி. எனுக்கு சொன்ன மாதிரியே சத்தமா சொல்லு."

அளந்தேன். அவளுடையதைவிட இரண்டு கோடுதான் குறைவு. சொன்னேன். பிறகு முடிதிருத்துகிறவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும்தான் கீது" என்றார். குருக்கள் ஜிப்பாக் கையை மடக்கினார். பெண்கள் ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்துப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற பெரியவர்களில் வீங்காத கை எங்களுக்கு அபூர்வமாகத்தான் கிடைத்தது.

"ஊர வுட்டு போவணும்னா எல்லாரும் மூட்டய கட்டுங்க. ஏரிக்கரையில ஒண்ணா குந்தலாம்" என்று சொல்லிவிட்டு அவள் களை பறிக்கப் போய்விட்டாள்.

கொஞ்ச காலத்தில் எனக்கு உத்திரமேரூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. சயரோக மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும், ஊசி போடுவதும், தின்றார்களா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. அதனால் வாரத்துக்கு இரண்டு நாளாவது அவளைப் பார்த்துவிடுவேன். அந்த வட்டாரத்தில் யாரை வீட்டை விட்டுத் தள்ளி வைத்தாலும் அவள் அங்கே இருந்தாள்.

அவளுடைய புருஷனுக்குத்தான் முதலில் வந்தது. மாத்திரையெல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். அவனுடைய சொந்தத் தம்பியே ஏரிக்கரையில் ஓலைக் குடிசை போட்டு அவனை உள்ளே விட்டு, சோற்றுச் சட்டியை ஒரு நீளக் கொம்பால் தள்ளினானாம். அவள் போய் அந்தக் குடிசையிலேயே படுத்துக்கொண்டாள். பிறகு எப்படியோ பட்டணத்துப் பக்கம் ஒரு சானடோரியத்தில் சேர்த்தாள். உள்ளே தங்க விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மாதம் சமைத்துச் சாப்பிட்டாள். அங்கே ஒரு நர்ஸ் அவளுக்குச் சிலதைச் சொல்லிக்கொடுத்தாள். சளியைச் சாம்பல் போட்ட தகரத்தில் துப்பச் சொல்ல வேண்டும், அதை எரிக்க வேண்டும், நோயாளியை வெயிலிலும் காற்றிலும் வைக்க வேண்டும். புருஷன் பிழைக்கவில்லை. அந்தத் தகரத்தோடு ஊருக்குத் திரும்பி வந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தம்பிக்கே வந்தது. அவனையும் இவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"எப்படிம்மா மனசு வந்தது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் கொம்பால தள்ளுனான். நான் கையால ஊட்டுனேன். ஒவ்வொரு வாய்க்கும் அவன் கண்ணுல தண்ணி. அதான் தம்பி நான் அவனுக்கு குடுத்த தண்டன."

அவளிடம் இரக்கம் மட்டும் இருந்தது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் அவள் ராட்சசி. அந்த நாளில் கொடுத்த ஒரு மருந்து பெரிது பெரிதாக, தொண்டையில் இறங்காது. வயிற்றைப் புரட்டும். ஒரு தையற்காரன் அதைத் தின்னாமல் வைக்கோல் போரில் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தான். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனவள் கையில் அது அகப்பட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் தையல் மெஷினுக்கு எதிரே போய்க் குந்திக்கொண்டு, அவன் விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறவரை எழுந்திருக்க மாட்டாள்.

என்னையும் ஒருநாள் பிடித்தாள். நோயாளியின் உள்ளங்கையில் படாமல் மாத்திரையை மேலிருந்து போடுவது என் வழக்கம். போட்டுவிட்டு ஒரு அடி விலகிக்கொள்வேன். வீட்டுக்குப் போனதும் லைப்பாய் போட்டுத் தேய்த்துக் குளிப்பேன். இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

"தம்பி, நீ மாத்திர குடுக்கறியா, கோயிக்கு தீனி போடறியா?"

அந்த நோயாளி எதிரிலேயே கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. அன்றிலிருந்து கையைத் தொட்டு வைத்தேன். பயம் போக அதற்குப் பிறகும் ஒரு வருஷம் ஆயிற்று.

பெரிய வீட்டு மருமகளுக்கு நோய் வந்தது அந்த வருஷம்தான். தென்னேரியிலிருந்து வந்த பெண். இருபது வயது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. இருமலில் ரத்தம் வந்ததும் அவளை வயல் நடுவே இருந்த பம்பு செட்டு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். புருஷன் இரண்டாவது வரப்புவரை வருவான். அங்கிருந்து, "எப்படி இருக்குது?" என்று கேட்பான். பதிலுக்குக் காத்திருக்காமல் போவான். கஞ்சி கொண்டுபோக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பெரிய வீட்டுக்காரர் ஆள் அனுப்பி இவளைத்தான் கூப்பிட்டார்.

"வூட்டுக்குள்ள என்ன வுட மாட்டாங்க. வியாதிகிட்ட மட்டும் வுடுவாங்க" என்று என்னிடம் சொன்னாள். "பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சி? அதுக்கோசரம் போறேன். அவருக்கோசரம் இல்ல."

நான் ஊசி போட சைக்கிளில் தினமும் போவேன். முதல் இரண்டு வாரம் அந்தப் பெண் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். பிறகு ஒருநாள் போனபோது, இவள் கட்டிலை வெயிலுக்கு இழுத்துப் போட்டு அவளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். "தனி தட்டுல போட்டா அது துன்ன மாட்டேங்குது தம்பி. உன்கூட துன்னா துன்றேன்னுது. இன்னா பண்ண சொல்ற?" என்றாள்.

எங்கள் நிலையத்தில் அப்போது பட்டணத்திலிருந்து வந்த ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். பம்பு செட்டுக்கு வந்தபோது இவளைப் பற்றி விசாரித்தார். இதுவரை எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டாய் என்று கேட்டதற்கு இவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்து மறு கையும் முடிந்து, "மீதி அப்பால சொல்றேன்" என்றாள். டாக்டரம்மா மருமகளோடு இவளையும் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே படம் எடுக்க வைத்தார். இவள் நெஞ்சில் ஒரு புள்ளிகூட இல்லை. திரும்பி வந்ததும் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்.

"எதுக்கும்மா என் ரத்தம்?"

"உன் உடம்புக்குள்ள கிருமி போயிருக்கு. உன் கை வீங்கினதே, அதுதான் சாட்சி. இத்தனை வருஷம் இவங்க பக்கத்துலயே இருந்தும் உனக்கு நோய் வரலை. ரத்தத்துல எதிர்ப்புப் பொருள்னு ஒண்ணு ஊறும். உள்ள வந்த கிருமியை அடையாளம் கண்டு போய் ஒட்டிக்கும். உன் ரத்தத்துல அது எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"காவக்காரன் மாதிரியா?"

"ஆமா, அப்படித்தான்."

"அப்ப அத எடுத்து இந்த பொண்ணுக்கு போடு. எவ்ளோ வோணுமோ எடுத்துக்கோ." புடவையை விலக்கி மறு கையையும் நீட்டிவிட்டாள்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார். "தொண்டை அடைப்பான் நோய்க்கு அப்படிச் செய்யறாங்க" என்றார். "குதிரைக்கு அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அது ரத்தத்துல ஊறுறதை எடுத்துக் குழந்தைங்களுக்குப் போடறாங்க. சயரோகத்துக்கு அது பலிக்கலை. ரத்தத்துல ஊறுற அந்தப் பொருளால பெரிய பிரயோஜனம் இல்லை, உடம்புல இருக்கற வேற அணுக்கள்தான் சண்டை போடுதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அந்த பொஸ்தகம் எயுதுனவன் எங்க தெருவுக்கு வந்தானா?"

"வரலை."

"வந்து என் ரத்தத்த பாக்கச் சொல்லு. அப்பால எயுதட்டும்."

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் அந்தக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து, பட்டணத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தோழிக்கு அனுப்பினார். பதில் வரவே இல்லை. இவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என் ரத்தம் இன்னா சொல்லுச்சி?" என்று கேட்பாள். தெரியலையே என்பேன். "குதுரைக்கு குடுத்த மருவாதி எனுக்கு இல்லியா?" என்பாள்.

விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று ஒருநாள் தெரிந்தது. அவளுக்கு ஒரு நாத்தனார் இருந்தாளாம். அண்ணனைப் பார்த்துக்கொள்ள இவளோடு கூடவே அந்தக் குடிசைக்கு வந்தவள். இவள் தைரியத்தைப் பார்த்துத் தானும் துணிந்து உள்ளே போய் உட்கார்ந்தவள். இரண்டே வருஷத்தில் அவளும் ரத்தம் கக்கிச் செத்தாள்.

"ஒரே கொளத்து தண்ணிதான் குடிச்சோம். ஒரே சட்டியிலதான் துன்னோம். அவ ரத்தம் வேற, என் ரத்தம் வேறயா? நான்தான் அவள வா வான்னு கூட்டுக்கினு போனேன் தம்பி."

அதற்குப் பிறகு அவள் யாரையும் உள்ளே கூப்பிட்டதில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைக் காற்று வருகிற பக்கமாக நிறுத்தி வைப்பாள். குழந்தைகளைக் கிட்டவே விட மாட்டாள். நியாயமாகப் பார்த்தால் அவள் துணிச்சல் மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடியதல்ல, அது அவளுக்கே தெரியும். தன் உடம்பை மட்டும் முன்னால் நிறுத்தினாள்.

அவள் வெகுகாலம் இருந்தாள். பல்லெல்லாம் போன பிறகு வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து செத்தாள். நெஞ்சில் கடைசிவரை ஒன்றுமில்லை. என் மருமகள் இப்போது ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சயரோகக்காரர்களோடு வருஷக்கணக்கில் இருந்தும் நோய் வராதவர்களின் ரத்தத்தை இப்போது உலகத்தில் பல இடங்களில் ஆராய்கிறார்களாம். அவர்களில் சிலருடைய எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கிருமி குறைந்ததாம். நோய் வந்தவர்கள் ரத்தத்தில் இருப்பதற்கும் வராதவர்கள் ரத்தத்தில் இருப்பதற்கும் வித்தியாசம் தெரிகிறதாம். "இன்னும் முழுசா தெரியலை மாமா. ஆனா அதனால பிரயோஜனமே இல்லைன்னு இப்ப யாரும் சொல்றதில்லை" என்றாள். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த நாளில் பெரிய வீட்டு மருமகளுக்கு மாத்திரையும் ஊசியும் வேலை செய்தன. பத்து மாதத்தில் கன்னம் நிறைந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை. புதிதாக எடுத்த படத்திலும் நுரையீரலில் இருந்த பழைய ஓட்டை மூடியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பெரிய வீட்டில் பிள்ளைக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள் என்று செய்தி வந்தது. மூத்தவள் அதிக நாள் தாங்க மாட்டாள் என்று சொல்லித்தான் பேசியிருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. டாக்டரம்மா கேட்டுவிட்டு, "முதல் சம்சாரம் உயிரோட இருக்கும்போது அது சட்டப்படி செல்லாதே" என்றார்.

"சட்டம் அந்தத் தெருவுக்கு நடந்து வராதும்மா. நாங்க நடந்து போறோம்" என்றாள் இவள். என் பக்கம் திரும்பி, "நீயும் வா தம்பி. படிச்சவன் ஒருத்தன் வோணும்" என்றாள்.

பகல் பதினோரு மணிக்கு ஊர்த் தெருவின் நடுவாக அவர்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். பெரிய வீட்டு வாசலில் பந்தல். பெண் வீட்டார் தாம்பாளங்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பொண்ணு வூட்டுக்காரங்க யாரு?" என்று இவள் தெருவில் நின்றபடியே கேட்டாள்.

நரைத்த தலையோடு ஒருவர் எழுந்தார்.

"இவதான் மொத மருமவ. செத்துடுவான்னு சொன்னாங்களா? தோ, உங்க முன்னால நிக்கறா. நல்லா பாத்துக்கோங்க." காகித உறையிலிருந்து படத்தை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். "இது அவ நெஞ்சு. ஓட்டை எங்க கீதுன்னு காட்டுங்க."

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. என் காக்கிப் பையைப் பார்த்து, "நீங்க ஆஸ்பத்திரி ஆளா? இது நெஜமா?" என்று கேட்டார்.

பெரிய வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கடிதம் போட்டால் என்னை எங்கோ தூக்கி அடித்துவிடலாம். எச்சில் விழுங்கினேன். "நெஜம்தாங்க. சளியில கிருமி இல்ல. இன்னும் கொஞ்ச மாசம் மாத்திரை சாப்பிட்டா போதும்" என்றேன்.

நரைத்த தலைக்காரர் படத்தை மருமகளிடமே திருப்பிக் கொடுத்து, "நல்லா இரும்மா" என்றார். தாம்பாளங்களை எடுக்கச் சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு எழுந்து போய்விட்டார்.

மாமியார்தான் முதலில் வாய் திறந்தாள். "சரி, வந்தது வந்துட்ட. பின்பக்கமா போயி தலைக்கு தண்ணி ஊத்திக்கினு உள்ள வா."

அத்தனை பேர் எதிரில் அந்தப் பெண் பேசி நான் கேட்டதில்லை. "நான் உள்ள வரல அத்த" என்றாள். "சொல்லிட்டு போவத்தான் வந்தேன்." பிறகு தூணோரம் நின்ற புருஷனைப் பார்த்தாள். "பத்து மாசமும் நீங்க ரெண்டாவது வரப்புல நின்னீங்க. நான் எழுந்து வந்துட்டேன். நீங்க இன்னும் அங்கியேதான் நிக்கறீங்க."

திரும்பி நடந்தாள். இவளே அதை எதிர்பார்க்கவில்லை. ஏரிக்கரைக்கு வந்ததும், "உள்ள போயி ஒக்காருவான்னு நெனச்சேன் தம்பி. என்ன விட பெரிய ஆளா கீறா" என்றாள். அன்றைக்குத்தான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். மருமகள் தென்னேரிக்கு அம்மா வீட்டுக்குப் போய் மாத்திரையை முடித்தாள். பின்னால் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு ஒன்றும் நேரவில்லை. இவளுக்குத்தான் நேர்ந்தது. ஆடி கடைசியில் ஏரிப் பாசனத்தில் நடவு தொடங்கியபோது, அவளைக் கூப்பிடக் கூடாது என்று பெரிய வீட்டிலிருந்து உத்தரவு போயிற்று. நடவுக் கூட்டத்துக்குப் பாட்டெடுத்து முன்வரிசை பிடிக்கிறவள் அவள்.

அன்று காலை எட்டு மணிக்கு நான் மாத்திரையோடு அந்தப் பக்கம் போனேன். என்னிடம் மருந்து வாங்குகிறவர் ஒருவர் அந்த ஊரில் இருந்தார். ஏழுமலை என்று பெயர். மடை பார்த்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர். இருமல் வந்ததும் பெரிய வீட்டுக்காரர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஏழு மாதம் மருந்து தின்று, சளி சுத்தம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தும் திரும்பச் சேர்க்கவில்லை.

வயல் பரம்படித்துச் சமமாகி நடவுக்குத் தயாராக இருந்தது. பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வரப்பில் கிடந்தன. இருபது பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் சேற்றில் இறங்கவில்லை. இவள் கொஞ்சம் தள்ளி, ஏரிக்கரைப் பாதையில் நின்றிருந்தாள். அவர்களைத் தூண்டிவிட வந்தவள் போலத் தெரியவில்லை. அவளே திகைத்துப் போயிருந்தாள்.

"இன்னாடி, எறங்க மாட்டீங்களா?" என்று பெரிய வீட்டுக்காரர் கத்தினார்.

ஒரு கிழவி முந்தானையை உதறிக்கொண்டு, "அவ எறங்குனா எறங்குறோம் ஆண்டே. எங்க வூட்ல படுத்தப்ப அவதான் வந்தா. நீங்க வரல" என்றாள்.

வெயில் ஏறியது. நாற்றின் நுனி வாட ஆரம்பித்தது. அவர் வரப்பில் மூன்று தடவை அங்குமிங்கும் நடந்தார். கடைசியில் ஏரிக்கரைப் பக்கம் பார்க்காமலே, "சரி, அவளையும் எறங்கச் சொல்லு" என்றார்.

பெண்கள் எழுந்தார்கள். இவள் வரப்புக்கு வந்தாள். புடவையை ஏற்றிச் செருகினாள். ஆனால் இறங்கவில்லை.

"இன்னும் இன்னா?"

"தண்ணி யாரு வுடுவாங்க நைனா?"

"அதுக்கு வேற ஆள் போட்டிருக்கேன்."

"ஏயுமல கீறான். ஆஸ்பத்திரியில சீட்டு குடுத்துட்டாங்க. தம்பி, குடுத்தாங்களா இல்லியா?"

"குடுத்தாச்சு" என்றேன். இந்தத் தடவை எச்சில் விழுங்கவில்லை.

"அவனையும் கூப்புடு. உன் வாயால கூப்புடு."

இருபது பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "ஏழுமலை" என்றார். குரல் எழும்பவில்லை.

"சத்தமா நைனா. அவன் தூரத்துல கீறான்."

"ஏழுமலை!"

ஏரிக்கரை மேலே குந்தியிருந்த ஏழுமலை எழுந்தார். நம்பாதவர் போல ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய வீட்டுக்காரரைத் தாண்டி வந்து, வாய்க்கால் மடையை இரண்டே வெட்டில் திறந்தார். தண்ணீர் சேற்றுக்குள் ஓடியது. அவள் முதலில் இறங்கினாள். நாற்று முடியை அவிழ்த்துக் குனிந்தாள். மற்றவர்களும் வரிசை பிடித்துக் குனிந்தார்கள்.

வேகமாக நடந்து வந்ததில் ஏழுமலைக்கு இருமல் வந்துவிட்டது. மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, நன்றாக நாலு இருமல் இருமினார். வயலில் இருந்த இருபது பேரில் ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நட்டுக்கொண்டே போனார்கள்.